பூசைக்காசில் விளைந்த புதையல்

தெற்கு பிரான்சில் கார்கசோன் நகரத்துக்குத் தெற்கே 40 கிலோமீட்டர் போனால் குயிசா என்ற சிற்றூர் வரும். அங்கிருந்து ஒரு மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறி, உச்சியில் ரென்-லெ-ஷாத்தோவில் முடிகிறது. முடிகிறது என்றால் நிஜமாகவே முடிகிறது. அதற்கு மேல் போக வழியில்லை. இன்றைக்கு நூறு பேர்கூட இல்லாத ஊர். கல்வீடுகள், ஓயாத காற்று, தைம் செடி மணக்கும் புதர்க்காடு, தூரத்தில் பிரெனே மலைப் பனி. முன்பு தண்ணீர்தான் தரித்திரம். மழை பெய்தால் தொட்டியில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இப்படியொரு இடத்தில் மனுஷன் எதற்குக் குடியேறினான் என்றால், எதிரி மேலே ஏறி வருவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கிவிடும் என்பதற்காகத்தான்.

பழம்பெருமைக்குக் குறைச்சலில்லை. ஒருகாலத்தில் விசிகோத்துகள் ஆண்ட பூமி. அவர்கள் 410-இல் ரோமைச் சூறையாடியவர்கள். ரோமோ கி.பி. 70-இல் ஜெருசலேம் ஆலயத்தைச் சூறையாடியது. ஆகவே ஜெருசலேம் தங்கம் ரோமுக்கு வந்திருக்கலாம், ரோமிலிருந்து விசிகோத்து மூட்டையில் ஏறியிருக்கலாம், மூட்டை இந்த மலையில் இறங்கியிருக்கலாம். இந்த ஊரைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்களிடம் ஒரு வித்தை உண்டு: பத்தாம் பக்கத்து 'இருக்கலாம்' பதினொன்றாம் பக்கத்தில் 'இருந்தது' ஆகிவிடும்.

உண்மையில் வந்து இறங்கியது ஒரு பாதிரியார். பெரஞ்சே சோனியேர், வயது 33, பக்கத்து ஊர்க்காரர். 1885-இல் இங்கே பங்குச்சாமியாராக வந்தபோது கோயில் ஒழுகியது, சாமியார் வீடு இன்னும் மோசம். மனுஷர் மலைக்கவில்லை. வந்த வருஷமே தேர்தல். பிரசங்க மேடையில் ஏறி, குடியரசுவாதிகளுக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று முழங்கினார். அந்தக் காலத்தில் பிரான்சில் சாமியாருக்குச் சம்பளம் கொடுப்பதே அரசாங்கம்தான். படியளப்பவனையே பாவி என்றால் என்ன ஆகும்? சம்பளம் நின்றது. சில மாதம் வேறு ஊரில் வாத்தியார் வேலை பார்த்துவிட்டு 1886-இல் திரும்பினார். சும்மா திரும்பவில்லை, அரச குடும்பத்து ஷாம்போர் சீமாட்டியின் நன்கொடையும் வந்து சேர்ந்தது. பழைய ராஜாவுக்குக் கொடி பிடித்ததில் லாபம் உண்டு என்று அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

கோயிலைப் புதுப்பிக்க ஆரம்பித்தார். பழைய பீடத்தைத் தாங்கிய கல்தூண் ஒன்றைத் தலைகீழாக நட்டு, அதன்மேல் லூர்து மாதாவை நிறுத்தினார். இந்தத் தூணுக்குள்தான் ரகசிய ஓலைகள் இருந்தன என்பது பிற்காலக் கதை. தூணில் இருக்கும் துளை ஒரு பையன் கையை விட்டாலே நிரம்பிவிடும். அதனாலென்ன, கதை எவ்வளவு சின்ன ஓட்டையிலும் நுழையும்.

பிறகு தூலூஸ் நகரத்து ழிஸ்கார் பட்டறையில் ஆர்டர் கொடுத்து, வண்ணம் பூசிய சுரூபங்களை வரவழைத்தார். அதில் ஒன்றை ஊரே மறக்க முடியாது. கோயிலுக்குள் நுழைந்ததும் தீர்த்தத் தொட்டியைத் தோளில் சுமந்துகொண்டு ஒரு பேய் உட்கார்ந்திருக்கும். கொம்பு, பிதுங்கிய கண், ஒரு முழங்காலை மடக்கிய நிலை. பாரம் தாங்காத முகம். அதன் தலைக்கு மேலே நாலு சம்மனசுகள் ஒய்யாரமாகச் சிலுவை அடையாளம் போடுகிறார்கள். வேலையெல்லாம் பேய்க்கு, பெயரெல்லாம் சம்மனசுக்கு. வாசல் வளைவிலோ, இது பயங்கரமான இடம் என்ற பொருளில் லத்தீன் வாசகம். கோயில் அபிஷேகத்தன்று எல்லா ஊரிலும் பாடுகிற வேதாகம வசனம்தான் அது. ஆனால் புதையல் தேடுகிறவர்கள் பூசைக்குப் போகிற ஜாதி இல்லையே!

ராத்திரியில் கல்லறைத் தோட்டத்தைத் தோண்டுகிறார் என்று பேச்சு கிளம்பியது. எங்கள் முன்னோர் எலும்பைக் கிளறுகிறார் என்று 1895-இல் ஊர்க்காரர்கள் மாவட்ட ஆட்சியாளருக்கு மனுவே போட்டார்கள். சாமியார் கவலைப்படவில்லை. அடுத்து நிலம் வாங்கினார். பத்திரமெல்லாம் வீட்டு வேலைக்காரி மரி தெனார்னோ பெயரில். பெத்தானியா என்றொரு மாளிகை, தோட்டம், மலை விளிம்பில் புத்தகம் வைக்க மகதலா கோபுரம். ஊர்ச்சனம் தண்ணீருக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வருஷத்துக்கு 900 ஃப்ராங்க் சம்பளக்காரர் இத்தனையும் கட்டினார்.

பணம் எங்கிருந்து? தபாலில் வந்தது. செத்தவர் ஆத்துமம் உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து கரையேறப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லி உறவினர்கள் காசு அனுப்புவது வழக்கம். அந்நாளில் ஒரு பூசைக்கு ஒரு ஃப்ராங்க், ஒன்றரை ஃப்ராங்க். விதி என்னவென்றால், ஒரு சாமியார் நாளைக்கு ஒரு பூசைக்குத்தான் காசு வாங்கலாம். மிச்சத்தைக் காசோடு சேர்த்து வேறு சாமியாருக்குத் தள்ளிவிட வேண்டும். நம்மவர் மடங்களுக்கும் பக்தர்களுக்கும் ஓயாமல் கடிதம் எழுதினார். மணியார்டர்கள் மலையேறி வந்தன. வந்த பூசைகளை வரிசையாக நோட்டில் எழுதினார். எழுதினார், அத்தனை பூசையும் வைத்தாரா?

1902-இல் புதிய மேற்றிராணியார் வந்தார். பழையவருக்குச் சோனியேர் செல்லப்பிள்ளை. புதியவர் கணக்குக் கேட்கிற ரகம். விசாரணைக்குக் கூப்பிட்டால் சாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும். கடைசியில் கட்டடச் செலவு 193,150 ஃப்ராங்க் என்று ஒரு கணக்குக் கொடுத்தார். அத்தனையும் ஒன்றரை ஃப்ராங்க் பூசைதான் என்று வைத்துக்கொண்டால், வந்த நாளிலிருந்து ஒருநாள்கூட விடாமல் 2237 வரை பீடத்தில் நின்றிருக்க வேண்டும். 1911-இல் பூசை வைக்கும் உரிமையே பறிபோனது. கடன் வாங்கினார், மாளிகையை விற்கப் பார்த்தார், 1917 ஜனவரி 22 அன்று இறந்தார். புதையல் கண்டவர் கடைசியில் கடன்காரராகச் சாவானேன் என்று யாரும் கேட்கவில்லை.

மரி அம்மாள் எல்லாவற்றையும் கட்டிக் காத்து, முதுமையில் நொயல் கோர்பு என்ற வியாபாரியின் குடும்பத்துக்குச் சொத்தை எழுதிவைத்து, 1953-இல் கண்ணை மூடினார். கோர்பு 1955-இல் மாளிகையில் ஹோட்டல் திறந்தார். முட்டுச்சந்து மலையூருக்கு யார் சாப்பிட வருவார்கள்? சமையலோடு கதையும் பரிமாறினார். பிரெஞ்சு மகாராணி பிளான்ஷ் ஒளித்துவைத்த கோடிக்கணக்கான பொற்காசைச் சாமியார் கண்டெடுத்தார் என்று டேப்பில் பதிந்து, சாப்பிடுகிறவர்களுக்குப் போட்டுக் காட்டினார். 1956-இல் பத்திரிகையில் வந்தது. மண்வெட்டி, கடப்பாரை, சில சமயம் வெடிமருந்தோடு சனம் ஏறி வந்தது. 1965-இல் ஊராட்சி தோண்டவே தடை போட்டது.

பிறகு வந்தார் பியேர் பிளாந்தார். தம்மைப் பழைய மெரோவிங்கிய அரச வம்சம் என்று சொல்லிக்கொண்டவர். 1956-இல் தாமே பதிவுசெய்த ஒரு சங்கத்தைச் சிலுவைப்போர் காலத்து ரகசிய சபை ஆக்கினார். கூட்டாளியோடு சேர்ந்து போலி ஆவணம் தயாரித்து, பாரிஸ் தேசிய நூலகத்தில் கொண்டுபோய் வைத்தார். அதையெடுத்து 1967-இல் ஒருவர் புத்தகம் எழுத, 1982-இல் மூன்று பேர் ஆங்கிலத்தில் ஏசுவுக்கே பிரெஞ்சுப் பேரப்பிள்ளைகளைப் பிறப்பிக்க, 2003-இல் 'டா வின்சி கோட்' நாவலின் தொடக்கத்திலேயே சோனியேர் என்ற பெயருள்ளவர் கொலையாகிறார். இத்தனைக்கும் அந்த நாவல் இந்த ஊர்ப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. (பக்கத்து மலையூர் புகராஷ் 2012 டிசம்பரில் உலகம் அழியும்போது தப்பிக்கும் இடமாகப் பிரபலமானது. இந்த வட்டாரக் காற்றிலேயே ஏதோ இருக்கிறது.)

புதையல் தேடுகிறவர்கள் தொல்லை தாங்காமல் சாமியார் உடலையே 2004-இல் இடம் மாற்றிப் புதைத்தார்கள். தீர்த்தத் தொட்டிப் பேயின் தலை 1996-இல் திருட்டுப் போனது. புதுத்தலை வைத்தார்கள். 2017 ஏப்ரலில், ஊரே அதிபர் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்த நாளில், ஒரு பெண் கோடாலியோடு கோயிலுக்குள் வந்து அந்தப் பேயை வெட்டினார். தேர்தலில் ஆரம்பித்த கதை தேர்தல் நாளில் கோடாலி வரை வந்துவிட்டது.

செத்தவர் பெயரில் சாமியார் சம்பாதித்தார். செத்த சாமியார் பெயரில் கோர்பு சம்பாதித்தார். செத்த ராஜாக்கள் பெயரில் பிளாந்தார் பிரபலமானார். இதில் ஒழுங்காகக் கணக்கு எழுதிவைத்தவர் சாமியார் ஒருவர்தான். வேலை போனதும் அவருக்குத்தான். போகிறவர்கள் கடப்பாரையை வீட்டிலேயே வைத்துவிட்டு, குடிக்க ஒரு பாட்டில் தண்ணீரோடு போய் வாருங்கள்.