மருமோனின் வேட்டை ரதம்

வா மருமோன், இரு. அந்தக் கதிரையில வேண்டாம், கால் ஆடும். இந்தத் தோணிப் பலகையில இரு. கற்பிட்டிப் பக்கத்து ஹோட்டல் ஒண்டில வெள்ளைக்காரனையும் அவன்ட பெட்டியையும் ஏத்தி இறக்கின பெட்டரி கோல்ஃப் வண்டியை வாங்கிட்டாயாமே. உடப்பு முழுக்க இதுதான் கதை. அதை உசத்தி, மொத்த டயர் பூட்டி, பச்சைப் பெயின்ட் அடிச்சு, வில்பத்துக் காட்டோரம் பன்றி வேட்டைக்குப் போகப் போறாயாம். நல்ல யோசனை. உன்ட அப்பனுக்கும் இப்படித்தான் திடீர் திடீரெண்டு யோசனை வரும். அதனாலதான் நாங்க அவனைக் கரவலைக் கயிற்றைத் தவிர வேற ஒண்டையும் தொட விடல.

குறை சொல்லுறன் எண்டு நினைக்காதே. அந்த வண்டிக்கும் வம்சப் பெருமை இருக்கு. இரண்டாம் உலக யுத்தத்தில அமெரிக்காவில பெற்றோலுக்குப் பங்கீடு. அப்ப கரண்ட் வண்டி செய்யப் பழகின ஆள்தான் 1951இல கோல்ஃப் திடலுக்கும் ஒண்டு செஞ்சான். பெற்றோல் பஞ்சத்தில பிறந்த பிள்ளை. நீயும் 2022இல கியூஆர் துண்டை நெஞ்சில பிடிச்சுக்கொண்டு பெற்றோல் ஷெட் வாசல்ல இரவிரவா நிண்டவன். பொருத்தம் சரிதான். எங்களுக்கு அந்த ஆவணியில மண்ணெண்ணெய் 87 ரூபாயில இருந்து 340க்குப் பாய்ஞ்சுது. போட்டெல்லாம் கரையில படுத்திருந்துச்சு. அப்ப நீ இந்த வண்டியைக் கொண்டு வந்திருந்தால் உனக்கு மாலை போட்டிருப்பன்.

இப்ப சாமானைப் பார்ப்பம். சீட்டைத் தூக்கினன், ஆறு பெட்டரி. ஒண்டு 8 வோல்ட், மொத்தம் 48. ஒவ்வொண்டும் முப்பது கிலோவுக்குக் கிட்ட. நீ ஏற முந்தியே அதில மூண்டு பேர் காசு குடுக்காமல் ஏறி இருக்கிறாங்க. முனையில எல்லாம் வெள்ளையும் பச்சையுமாப் பூத்திருக்கு, பழைய பள்ளிவாசல் சுவர்ப் பாசி மாதிரி. உப்புக் காத்துக்கு இரும்பு எண்டால் பலகாரம், மருமோன். அப்பச் சோடாவைச் சுடுதண்ணியில கரைச்சு, பழைய பல்துலக்கியால தேச்சுக் கழுவு. மூடியைத் திறந்து பார். உள்ளே தகடு வெளியில தெரிஞ்சால் காய்ஞ்சு கிடக்கு எண்டு அர்த்தம். வடிச்ச தண்ணிதான் ஊத்தணும், கிணத்துத் தண்ணி ஊத்திடாதே. 

அடுத்தது டயர். பெரிய டயர் போட்டால் வேகம் கூடும் எண்டு கராஜ் பாஸ் சொன்னாராம். பொய் சொல்லல, பாதியைச் சொல்லியிருக்கிறார். சில்லு பெருத்தால் ஒரு சுற்றுக்குப் போற தூரம் கூடும், ஆனால் மோட்டருக்கு இழுக்கிற பலம் குறையும். புல்லுத் தரையில தெரியாது. மணல்ல தெரியும். இழுக்க முடியாத மோட்டர் கரண்டை அள்ளிக் குடிக்கும். கொன்ட்ரோலர் கொதிக்கும். மெல்லிய வயர்ல தேத்தண்ணி வைக்கலாம். அதனால டயரோட நிக்காது. மொத்த வயர், பெரிய கொன்ட்ரோலர், வேற கியர் எண்டு ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வரும், கலியாண வீட்டுச் சொந்தக்காரர் மாதிரி. இன்னும் ஒண்டு. அந்த வண்டிக்குப் பிரேக் பின் சில்லுக்கு மட்டும்தான். அரைச் சாண் உசரத்தில நிக்கிறதை ஒரு முழத்துக்கு உசத்திப்போட்டு வளைவில திருப்பிப் பார். பன்றிக்கு நீ சிரமம் குடுக்கத் தேவையில்ல.

மணல்ல புதைஞ்சால் ஒரு பின் சில்லு மட்டும் சுத்திச் சுத்திக் குழி தோண்டும், மற்றது சும்மா வேடிக்கை பார்க்கும். கரவலை இழுக்கிற டிரக்டரே சில நாள் முக்கும். டயர்ல காத்தை இறக்கு, கொஞ்சம் ஏறும். கற்பிட்டிக் கழுதைகளைப் பார்த்திருக்கிறாய்தானே? ஒரு வோல்ட்டும் இல்லாமல் அதே மணல்ல காலாகாலமாத் திரியுது. அதுகளை உசத்த யாரும் பாஸைத் தேடல.

சரி, காட்டுக்குப் போயிட்டாய் எண்டு வைப்பம். வில்பத்து 1905இல சரணாலயம், 1938இல தேசியப் பூங்கா. அதுக்குள்ள துவக்கோட போனால் நீதான் வேட்டை. அதுக்கான சட்டம் 1937இல வந்தது, எனக்கும் மூத்தது. வெளியில நிண்டால் எண்டு கேட்பாய். வண்ணாத்திவில்லு, கருவலகஸ்வெவப் பக்கம் ராவில றோட்டுக் கடக்கிறது பன்றி மட்டும் இல்ல, யானையும்தான். பன்றிக்கு வைக்கிற ஹக்கபட்டாஸ் வெடியைக் கடிச்சு வாய் சிதறிச் சாகிறதும் அதுதான். உன்ட வண்டி சத்தமில்லாமல் போகும் எண்டு பெருமைப்படுகிறாய். பெடலை மிதிச்சதும் சீட்டுக்கடியில "டக்" எண்டுமே, அது பன்றிக்குப் போதும். யானைக்குச் சத்தமே வேண்டாம், உன்ட சென்ட் போதும்.

வேட்டையெண்டால் மேஜர் ரொஜர்ஸைக் கேட்டிருக்கிறாயா? வெள்ளைக்காரன். ஆயிரத்து நானூறு யானைக்கு மேல சுட்டவனாம். 1845இல அப்புத்தளையில இடி விழுந்து செத்தான். கல்லறை நுவரெலியா கோல்ஃப் திடலோரம் கிடக்கு. கோல்ஃபும் வேட்டையும் ஒண்டா வந்து சேர்ந்த இடம் எனக்குத் தெரிஞ்சு அது ஒண்டுதான்.

சார்ஜ் எங்கே போடுவாய்? வீட்டு பிளக்கில. அந்தக் கரண்டுல ஒரு பங்கு நுரைச்சோலையில நிலக்கரி எரிச்சு வருது, 900 மெகாவாட். 2025 பெப்ரவரி 9ஆம் தேதி ஞாபகம் இருக்கா? பாணந்துறை துணை மின்நிலையத்தில குரங்கொண்டு பாய்ஞ்சு நாடே இருட்டானது எண்டு அமைச்சரே சொன்னார். நுரைச்சோலை மூண்டு மெசினும் படுத்துச்சு. துவக்கும் இல்ல, டயரும் இல்ல, ஒரு குரங்கு முழு இலங்கையையும் சுட்டுப் போட்டுச்சு. அதுக்குக் கிட்டப் போக உனக்கு இன்னும் நிறையச் செலவிருக்கு.

எழும்பிட்டாயா? கோவமா? போ, போ. பெயின்ட் காய்ஞ்சதும் சொல்லு. ஆனால் விடிய நாலு மணிக்கு அந்த வண்டியோட கரைக்கு வந்திடு. கயிறு ஈரமா நாலு கட்டு கிடக்கு, எனக்கு முதுகு பிடிச்சிருக்கு. வரும்போது ஐஸ் கட்டியும் ஏத்திக்கொண்டு வா. துவக்கு வைக்கிற இடத்தில வை, சரியா இருக்கும்.