நாலு நூல் யானை

எங்கள் வீட்டில் நான் செய்து வைத்திருக்கும் மரச்சாமான் எதிலும் வளைவு கிடையாது. செருப்பு வைக்கும் தட்டு, சாமி படத்துக்கு மணை, காலண்டர் மாட்டும் சட்டம், எல்லாமே நேர்கோடு. பார்க்கிறவர்கள், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு நேர்கோட்டின் மேல் பிரியம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் மறுப்பதில்லை. விஷயம் வேறு. என் பேண்ட் சா மெஷினில் நாலு நூல் பிளேடு மாட்டியிருக்கிறது. அதைக் கழற்றி மாட்ட எனக்குச் சோம்பல்.

பேண்ட் சா என்பது மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் பல் வைத்த எஃகுப் பட்டை. மர அறுவை மில்லில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருப்பது 10 இஞ்சு சக்கரம் வைத்த குட்டி. பட்டையின் அகலத்தை ஆசாரிமார் நூலில்தான் சொல்வார்கள். எட்டு நூல் ஒரு இஞ்சு. அகலம் கூடக்கூட அறுப்பு நேராகப் போகும், திரும்பச் சொன்னால் முரண்டு பிடிக்கும். ரெண்டு நூல் பட்டை முக்கால் இஞ்சுக்கும் குறைந்த ஆரத்தில் திரும்பிவிடும். நாலு நூல் பட்டைக்கு ரெண்டரை இஞ்சு ஆரம் இல்லாமல் காரியம் நடக்காது.

அப்படியானால் தேவைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். ஒரு பட்டையை மாற்றுவதென்றால் கரண்டைப் பிடுங்கி, விறைப்பைத் தளர்த்தி, பட்டையைப் பிடித்திருக்கும் கட்டைகளை விலக்கி, பழையதை உருவி, புதியதை ஏற்றி, சக்கரத்தின் நடுவில் ஓடுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்து, மறுபடி எல்லாவற்றையும் முறுக்கவேண்டும். இத்தனைக்கும் முன்னால் புதுப்பட்டையைப் பிரிக்கவேண்டும். மூன்று சுற்றாக மடக்கிக் கட்டி வரும் அது, கட்டை அவிழ்த்ததும் சீறிக்கொண்டு விரியும். அந்த நேரத்தில் என் மனைவி பேரனைத் தூக்கிக்கொண்டு தெருவாசலுக்குப் போய்விடுவாள். பல் கீழ்நோக்கி வெட்டுகிற மாதிரி மாட்டவேண்டும் என்பது இன்னொரு விதி. தலைகீழாக வந்தால் பட்டையை உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பிப் போடவேண்டும். அதற்குத் தெருவாசல் போதாது, அடுத்த தெருவுக்கே போகவேண்டும்.

ஆனால் பிளேடு வாங்குவதற்கு எனக்குச் சோம்பல் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சுவரில் ஆணி அடித்து வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறேன். மெல்லிய பிளைவுட்டுக்கு இஞ்சுக்கு 14 பல் உள்ளது, பலகைக்கு ஆறு பல், தடியைப் பிளக்க மூணு பல். எப்போதும் குறைந்தது மூன்று பல்லாவது மரத்துக்குள் இருக்கவேண்டும். இல்லையென்றால் பட்டை வெட்டாது, கடிக்கும். ரெண்டு நூல் கனமுள்ள பிளைவுட்டுக்கு இஞ்சுக்கு 12 பல்லுக்குக் குறையக் கூடாது என்பது இந்தக் கணக்கில்தான் வருகிறது. அதற்காக நெருக்கமான பல்லைக் கொண்டு கனத்த கட்டையை அறுத்தால், பல்லிடுக்கில் தூள் அடைத்து, சூடேறி, மரம் கருகி, பட்டை தன்னிஷ்டத்துக்கு விலகிப் போகும். பட்டையின் கனம் சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் அதிகம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சின்னச் சக்கரத்தில் தடித்த பட்டை வளைந்து வளைந்து நிமிர்ந்தே வெடிப்பு விட்டுவிடும். இதையெல்லாம் நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

"எல்லாம் சொல்லுதிய. என்னத்த அறுத்திய?" என்பாள் மனைவி.

வழக்கமாக வருகிற ஆசாரி ஒருநாள் சுவரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "சார்வாள், கடை ஏதும் போடப் போறியளா?" என்று கேட்டார்.

அவர்களுக்குச் சரித்திரம் தெரியாது. லண்டனில் வில்லியம் நியூபெரி 1808-லேயே இந்த மெஷினுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் ஓடுகிற ஓட்டத்தில் ஒட்டுப் போட்ட இடத்தில் பட்டை அறுந்துகொண்டே இருந்தது. பிரான்சில் ஆன் போலின் கிரெப்பின் என்ற பெண்மணி பட்டையின் இரு முனைகளையும் ஒட்டவைக்கும் வழிக்கு 1846-ல் காப்புரிமை வாங்கிய பிறகுதான் விஷயம் வழிக்கு வந்தது. ஏறக்குறைய நாற்பது வருஷம் உலகத்தில் மெஷின் இருந்தது, அதற்கேற்ற பிளேடு இல்லை. எங்கள் வீட்டில் பிளேடு பற்றாக்குறை என்ற பேச்சே வராது. இதை மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். "கடேசியில பொம்பளைதான் வந்து சரி பண்ண வேண்டியிருக்கு" என்று, தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நம் ஊர் மரங்களுக்கு பிளேடு தேர்ந்தெடுப்பது தனி வித்தை. வாய்க்கால் ஓரத்துப் பூவரசு அருமையான மரம்தான். ஆனால் ரோட்டைப் பார்த்து நின்றதாக இருந்தால் ஆணி இருக்கும். டியூஷன் போர்டு, மூலம் பவுத்திரம் போர்டு, தேர்தல் தட்டி என்று தலைமுறை தலைமுறையாக அடித்த ஆணி உள்ளே புதைந்து, மேலே மரம் வளர்ந்து மூடியிருக்கும். இருபது வருஷத்துக்கு முந்தின மூலத்துக்கு என் பட்டையின் பல் போகும். காந்தத்தை வைத்துத் தடவிப் பார்க்காமல் ரோட்டோரத்து மரத்தில் கைவைக்கக் கூடாது. பனை இன்னொரு சேதி. வைரம் பாய்ந்த பனையின் கறுப்பு நார் எஃகுப் பல்லைச் சீக்கிரமே மழுக்கிவிடும். "பனைன்னா பொளக்கணும் சார்வாள், அறுக்கப்படாது" என்று ஆசாரி ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியைக் கேட்பதற்கு முன்பே நான் பனைக்கென்று ஒரு பட்டை வாங்கித் தொங்கவிட்டிருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

பிறகு வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு எங்கள் ஸ்டேஷனில் நின்றுபோனது. தண்ணீர் வடிந்தபோது எங்கள் தோட்டத்து வேலியில் ஒரு வேப்பந்தடி வந்து சாத்தியிருந்தது. ஆற்று மணலெல்லாம் அதன் பட்டைக்குள். மரப்பட்டையை உரித்துக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்க்காமல் அறுத்தால் நாலு அடி போவதற்குள் பல் மொட்டை. பச்சை மரத்துக்குப் பல் அகலமாக இருக்கவேண்டும், கொக்கி மாதிரி முன்னால் சாய்ந்திருக்கவேண்டும். தேடிப் பிடித்து வாங்கினேன்.

"அந்தத் தடி இந்த மெஷினுக்குள்ள நுழையுமா?" என்றாள் மனைவி.

மெஷின் வாயின் உயரம் நாலரை இஞ்சு. தடி பதினொன்று. தடி இப்போது துணி துவைக்கும்போது உட்காரப் பயன்படுகிறது.

பேரன் யானை கேட்டான். ஒரு இஞ்சு பூவரசம் பலகை, தும்பிக்கையின் உள்வளைவு ஒரு இஞ்சு ஆரம். ரெண்டு நூல் அகலம், இஞ்சுக்கு ஆறு பல், அதுவே தக்க பிளேடு. அது ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. மெஷினில் இருந்ததோ நாலு நூல். காம்பஸை எடுத்து யோசித்தேன். பிளேடை மாற்றுவதைவிட யானையைப் பெரிதாக்கிவிடலாம் அல்லவா? தும்பிக்கை வளைவை ரெண்டரை இஞ்சு ஆக்கினால் மற்றதும் அதே விகிதத்தில் வளரும். வளர்ந்தது. அளந்து பார்த்தால் யானை மெஷின் தூணில் இடிக்கிறது. சரி, தும்பிக்கையை நிமிர்த்தினேன். நிமிர்ந்தது நீட்டிக்கொண்டு நின்றதால் வெட்டிவிட்டேன். கால்களுக்கு நடுவிலும் வளைவு வருகிறதே என்று நாலையும் சேர்த்துச் சதுரமாக்கினேன். சக்கரம் வைத்தால் தள்ளிக்கொண்டாவது போவான்.

"கோயில் மண்டபத்துல கல்லுலயே யாளியும் யானையும் செதுக்கி வச்சிருக்கான். ஒங்களுக்கு மரத்துல வரலையாக்கும்" என்றாள் மனைவி. அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் ஒரு பெட்டி என் ஒரு பிளேடு விலைக்குள் வந்துவிடும் என்றும் சேர்த்துச் சொன்னாள். பேரனுக்கு அந்த மனக்குறையெல்லாம் இல்லை. "ஏரல், ஏரல்" என்று கண்டக்டர் மாதிரி கத்திக்கொண்டு முற்றம் முழுக்க பஸ் ஓட்டினான்.

ஆகவே, புதிதாக மெஷின் வாங்கியிருக்கும் அன்பர்களே, பிளேடு மாற்றும் பழக்கம் உங்களுக்கும் வராது. அதனால் முதலிலேயே மூணு நூல் அகலத்தில், இஞ்சுக்கு ஆறு பல் உள்ளதாக ஒன்றை மாட்டிவிட்டு மறந்துவிடுங்கள். ஒன்றரை இஞ்சு ஆரத்தில் திரும்பும். பலகையையும் ஓரளவு நேராக அறுக்கும். அதில் பூனை வரைக்கும் வரும். யானைக்கு ரெண்டு நூல்தான்.