இரண்டு கெட்ட பீஸ்

யந்திரங்களுக்குக் கண் வைக்கும் எங்கள் தொழிலில் கேமராவைவிட வெளிச்சமே பிரதானம் என்பதை விஸ்தாரமாக விளக்கவே உட்கார்ந்தேன். ஆனால் சென்ற வெள்ளிக்கிழமை நடந்ததை முதலில் கொட்டித் தீர்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

கோயமுத்தூர் குறிச்சி சிட்கோவில் பேரிங் வளையம் கடையும் ஒரு பட்டறைக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டையும் துறந்து காத்திருந்து, கேமராவையும் நாலு விளக்குகளையும் மேஜைமேல் பரப்பியபின், "கீறல் விழுந்த பீஸ் இரண்டு கொடுங்கள், சோதித்துக் காட்டுகிறேன்" என்று விநயமாகக் கேட்டேன். குவாலிட்டி அதிகாரியின் முகம் சிவந்துவிட்டது. "நம்மகிட்ட ரிஜெக்‌ஷனே கிடையாதுங்களே!"

பழுதே இல்லாத இடத்தில் பழுது கண்டுபிடிக்கும் யந்திரம் எதற்கு என்று கேட்க எனக்கு நா எழுந்தது; இருபது வருஷம் விற்பனை உத்தியோகம் பார்த்தவனுக்கு நா எழுவதும் உடனே அமர்வதும் சகஜம். எண்ணெய் தடவி நாளிதழில் பொதிந்த ஐந்து நல்ல வளையங்கள் வந்தன. வளைய விளக்கைத் தாழ்வாக வைத்தால் பளபளக்கும் எஃகு கறுத்துக் கீறல் மட்டும் வெள்ளிக் கம்பியாய் ஒளிரும். ஒளிர்வதற்குக் கீறல் வேண்டுமே! அகலவாட்டில் 2448 புள்ளிகள் கொண்ட கேமரா 50 மில்லிமீட்டரைப் பார்த்தால் புள்ளிக்கு 0.02 மில்லிமீட்டர் என்று கணக்குச் சொன்னேன். "எல்லாத்தையும் பிடிச்சிரணுங்க" என்றார். எதை? நல்ல பீஸை மட்டும் காட்டிப் பழக்கும் மென்பொருளும் இப்போது உண்டுதான்; அது பழகிற்றா என்று பார்க்கவாவது ஒரு கெட்டது வேண்டாமா?

அவரைச் சொல்வானேன், நாம் எல்லோரும் இந்த ஜாதிதான். ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து இனிப்பை விலக்கி, மாலையில் கைவீசி நடந்து, பரிசோதனையன்று யோகியின் சாந்தத்துடன் கையை நீட்டுகிறவர்களில் அடியேனும் ஒருவன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை அந்த ரத்தமே கோள் சொல்லிவிடும் என்று தெரிந்திருந்தும், முடிவு வந்ததும் வீட்டுக்குத் தெரியாமல் தின்ற மைசூர்பாகுகளை விட்டுவிட்டு லேப்காரரைத்தான் சந்தேகித்தேன். அந்த லேப்காரர் ஸ்தானத்தில்தான் இப்போது நான் நின்றுகொண்டிருந்தேன்.

கை கழுவப் போனபோது, குழாயடியில் கோணிச் சாக்கு போர்த்திய சிவப்புத் தொட்டியொன்றைக் கண்டேன். உள்ளே விளிம்புவரை வளையங்கள். கீறல், வெட்டு, துரு, எல்லா ரகமும்.

"அது ரிஜெக்‌ஷன் இல்லீங்க, ரீவொர்க்கு!" என்று பின்னாலேயே குரல் வந்தது.

அரைமணி நேரம் மன்றாடி அதிலிருந்து இரண்டை வாங்கிக்கொண்டு புறப்பட்டால், வாசலில் காவலாளி கேட் பாஸ் கேட்டார். அதிகாரி பேனாவைத் திறந்து, சிறிது யோசித்து, முத்துமுத்தாக எழுதிக் கையெழுத்திட்டார்: "நல்ல பீஸ் - 2."