ஒரு படம், ஐந்து இயக்குநர்

கேள்வி: 1960களில் ஐரோப்பாவின் இடதுசாரி இயக்குநர்கள் பலர் சேர்ந்து ஒரே படத்தை எடுப்பார்களாமே, எதற்கு?

பதில்: புரட்சி என்றால் கூட்டம் சேர வேண்டாமா! 1969-ல் வந்த ‘அமோரே எ ராபியா’வையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்பும் கோபமும் என்று பொருள். லிட்சானி, பெர்த்தொலுச்சி, பசோலினி, கோதார், பெல்லோக்கியோ என ஐந்து பேர். சுவிசேஷக் கதைகளை அன்றைய காலத்துக்குப் பொருத்திப் பார்ப்பதுதான் முதல் திட்டம். அதில் சுர்லினி என்பவரும் இருந்தார். அவருடைய பகுதி வளர்ந்து வளர்ந்து தனிப்படமாகவே ஆகிவிட, காலி இடத்துக்கு பெல்லோக்கியோ வந்தார். பல்கலைக்கழக வகுப்பறையில் மாணவர்கள், ஒட்டுத்தாடிப் பேராசிரியர்கள், வாக்குவாதம். தலைப்பே ‘விவாதிப்போம், விவாதிப்போம்’. சொன்ன சொல் தவறவில்லை!

பெர்த்தொலுச்சியின் பகுதியில் ஒருவர் சாகக் கிடக்கிறார். அவருக்குப் போவதற்குள் நமக்குப் போய்விடும் போலிருக்கிறது.

பசோலினி மட்டும் வேறு ரகம். ரோம் நகரத் தெருவில் நினெத்தோ தாவோலி நடித்த இளைஞன் பெரிய காகிதப் பூவை ஏந்தித் துள்ளிக்கொண்டு போகிறான். அவன்மேல் போர்க் காட்சிகள் நிழலாடுகின்றன. கடவுள் கூப்பிடுகிறார், அவன் காதில் விழவில்லை. உலகம் எரியும்போது ஒன்றுமே தெரியாமல் இருப்பதும் குற்றம் என்று சாகடித்துவிடுகிறார். பருவமில்லாத காலத்தில் காய்க்காததற்காகச் சபிக்கப்பட்ட அத்திமரத்தின் கதைதான் மூலம். பன்னிரண்டு நிமிடம்கூட ஆகாது. நேரமில்லாதவர்கள் அதை மட்டும் பார்த்தால் போதும்.