சமபந்தி டிஃபரன்ஷியல்

பழைய ஜீப் வைத்திருக்கிறவனை யாரும் நலம் விசாரிப்பதில்லை. "லாக்கர் போட்டாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். என்னுடையது பெஜோ டீசல் எஞ்சின் வைத்த மஹிந்திரா எம்.எம். 540. அதன் கதவே ஒழுங்காகப் பூட்டாது. ஆனாலும் பின் ஆக்சிலைப் பூட்டியே ஆகவேண்டும் என்று போடி வட்டாரத்து ஜீப்காரர்கள் ஒருமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டார்கள்.

விஷயம் இதுதான். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரக் கூட்டம்தான் டிஃபரன்ஷியல். எங்கள் பட்டறையில் மொத்தத்துக்கும் 'கிரவுன்' என்றே பெயர். தார் ரோட்டில் தங்கமான ஆள். சேற்றில்தான் சுயரூபம் தெரியும்.

அதன் நியாயம் சமபந்தி நியாயம். இரண்டு சக்கரத்துக்கும் விசையைச் சமமாகத்தான் பரிமாறும். ஆனால் அளவைத் தீர்மானிப்பது குறைவாகச் சாப்பிடுகிறவர். சேற்றில் நிற்கும் சக்கரம் ஒரு கவளத்தோடு இலையை மூடிவிட்டால், கெட்டித் தரையில் பசியோடு உட்கார்ந்திருக்கும் சக்கரத்துக்கும் அந்த ஒரு கவளம்தான். முன் ஆக்சிலிலும் இதே பந்தி. ஆகவே 'ஃபோர் வீல் டிரைவ்' என்று பின்னால் பெரிதாக எழுதியிருந்தும், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு சக்கரம் சுற்றும். மற்ற இரண்டும் வேடிக்கை பார்க்கும், நம் குடும்பத்தாரோடு சேர்ந்து.

இதற்கு மருந்து பலவகை. முதலாவது லிமிடெட் ஸ்லிப். உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகள் உரசிப் பிடித்து, சும்மா சுற்றுகிற சக்கரத்திடமிருந்து கொஞ்சம் விசையை மற்றதற்குத் தள்ளும். மழை ரோட்டுக்கு நல்ல பிள்ளை. ஆனால் தனியாக ஆயில் கேட்கும், பிளேட்டுகளும் தேயும். இரண்டாவது டார்சன் வகை. அதில் கிளட்ச் இல்லை, பல்சக்கரம்தான். பிடிப்புக் குறைந்த சக்கரம் தாங்கும் விசையைப் பலமடங்காக்கி மற்றதற்குக் கொடுக்கும். கணக்கில் ஒரே ஒரு சிக்கல்: ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது தாங்கும் விசை பூஜ்யம். பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் என்ன வரும் என்று மூன்றாம் வகுப்பு டீச்சர் சொல்லிவிட்டார். அப்போது பிரேக்கை லேசாக மிதித்து, 'இன்னும் ஒரு கவளம்' என்று அந்தச் சக்கரத்தை உபசரிக்க வேண்டும்.

அடுத்தவை லாக்கர்கள்: இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகவே சுற்றும்படி பூட்டிவிடும். மூன்றாவது, டெட்ராய்ட் லாக்கர் போன்ற தானியங்கிகள். எப்போது பூட்டும், எப்போது திறக்கும் என்பது அதன் விருப்பம். பூட்டும்போது 'டக்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் இருக்கிறவர், "என்னங்க, ஏதோ விழுந்துடுச்சு" என்பார். ஒவ்வொரு வளைவிலும் என்பார். தவிர, குட்டையான ஜீப்பில், ஈரமான மலைப்பாதை வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், பின்சக்கரம் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வண்டியை நேரே தள்ளப் பார்க்கும். நேரே பள்ளத்தாக்கு.

நான்காவது, சுவிட்ச் போட்டால் மட்டும் பூட்டுவது. ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. ஏர் லாக்கர் அந்த வகை. கம்ப்ரெசரிலிருந்து காற்று போய்ப் பூட்டும்; சுவிட்சை அணைத்தால் பழையபடி சாது. விலையை விசாரித்தேன். ஜீப் வாங்கிய விலையில் பாதியைத் தொட்டது. அதற்கு மேல் கூலி.

மெக்கானிக் அண்ணனிடம் போனேன். "போட்டுரலாம் சார். ஆக்சில்ல எத்தனை ஸ்பிளைன் பல்லுன்னு மொதல்ல எண்ணணும். உங்களுக்கு முன்னாடி இருந்த ஓனருங்க எந்த வண்டி ஆக்சிலை மாட்டிருக்காங்களோ!" அடுத்து அவர் சொன்னது வயிற்றைக் கலக்கியது. பூட்டிய ஆக்சிலில் மொத்த விசையும் பிடிப்பு உள்ள ஒற்றைச் சக்கரத்தின் ஷாஃப்ட்டிலேயே இறங்கலாம். முப்பது வருஷப் பழைய ஷாஃப்ட் என்றால் 'கட்' ஆகிவிடும். இதுவரை ஜீப் சேற்றில் சிக்கியது. இனி சேற்றில் சிக்கி உடையும்.

"சூரியநெல்லியிலேர்ந்து கொழுக்குமலைக்குத் தினமும் பழைய ஜீப்புங்க ஏறுது சார். அந்த டிரைவருங்க லாக்கரையா நம்புறாங்க? பாதையைப் பாத்துச் சக்கரத்தை வைக்கிறாங்க. உங்க டயரைப் பாருங்க, என் தலை மாதிரி இருக்கு." அவர் தொப்பியைக் கழற்றிக் காட்டினார். வாதம் அதோடு முடிந்தது.

ஆகவே என் தீர்ப்பு. முதலில் நல்ல டயர். சேறு, மணல் வந்தால் காற்றை 18, 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள், டயர் அகலமாக உட்கார்ந்து பிடிக்கும். தார் ரோடு ஏறியதும் மறக்காமல் நிரப்புங்கள். அதற்குப் பிறகும் சிக்கினால் பின் ஆக்சிலுக்கு மட்டும் சுவிட்ச் லாக்கர். பெரும்பாலும் மழை ரோடுதான் என்றால் லிமிடெட் ஸ்லிப் போதும். தானியங்கி லாக்கர், மலைப்பாதையில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு வேண்டவே வேண்டாம். எதைப் போட்டாலும் ஒரு நல்ல கயிறும் வைத்துக்கொள்ளுங்கள்: லாக்கர் போடச் சொன்னவர்களின் ஜீப்பையும் நாம்தான் இழுக்க வேண்டிவரும்.