ஏலேலோ வரைக்கும்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் ஒரு பக்கம் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும், மறுபக்கம் உப்பளம். மழை பெய்தால் மற்ற ஊர்க்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். தூத்துக்குடியில் பாத்தி கரைந்துபோகுமே என்று வயிற்றில் புளி கரையும். இந்த ஊரில் பிறந்தவனுக்கு மாடு மேய்க்கிறவன் பாட்டின் மேல் ஏன் இத்தனை கிறுக்கு என்று என் மனைவி கேட்காத நாள் இல்லை. எனக்கும் பதில் தெரியாது.

ஆரம்பித்து வைத்தவர் பீத்தோவன். 1808இல் வியன்னாவில் அரங்கேறிய அவருடைய ஆறாவது சிம்பொனிக்கு ‘பாஸ்டோரல்’, அதாவது மேய்ச்சல்நிலத்துப் பாட்டு, என்று பெயர். ஓடைக்கரையைச் சொல்லும் இரண்டாவது பகுதி முடிகிற இடத்தில் மூன்று பறவைகள் கூவும்: புல்லாங்குழலில் நைட்டிங்கேல், ஓபோவில் காடை, கிளாரினெட்டில் குயில். கப்பல் ஏஜென்சி ஆபீசில் பில் போட்டுக்கொண்டே இதைக் கேட்டுக் கண்மூடிக் கிடப்பேன். ஒருநாள் பக்கத்து மேஜைத் தம்பியின் காதிலும் இயர்போனின் ஒரு முனையைச் செருகினேன். கெட்ட நேரம், ஓடை தாண்டி நாலாவது பகுதி ஓடிக்கொண்டிருந்தது. இடியும் மின்னலும். அவன் பதறாமல் கேட்டான்: “அண்ணாச்சி, எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்காங்க?”

மேற்கத்திய மேய்ச்சல் நமக்கு ஆகாது என்று தமிழ் முல்லைக்குத் தாவினேன். முல்லைத் தீம்பாணி என்று பழைய நூல்கள் சொல்வதுதான் இன்றைய மோகனம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். ஐந்தே சுரம். ஐந்துதானே என்று நினைத்ததுதான் தப்பு. பனிமய மாதா கோயில் திருவிழாவில் குச்சி நிறையக் குழல் செருகிக்கொண்டு வந்தவரிடம் ஒன்று வாங்கினேன். அவர் வாயில் அது சினிமாப் பாட்டெல்லாம் பாடியது. என் வாய்க்கு வந்ததும் மௌன விரதம். காற்று மட்டும் வரும், சத்தம் வராது. மூன்றாம் வாரம் ஒரு சத்தம் வந்தது. மகள் அடுப்படிக்கு ஓடிப்போய்க் குக்கரை இறக்கிவிட்டாள்.

கண்பார்வை இல்லாத சரப சாஸ்திரி இதே மூங்கிலைத்தான் கச்சேரி மேடையில் உட்காரவைத்தார். எனக்கு இரண்டு கண்ணும் இருக்கிறது, தவிர கண்ணாடி வேறு.

வாசிக்கத்தான் வரவில்லை, பேசவாவது வருமே என்று ஒரு விழாவில் தொகுத்து வழங்க ஒத்துக்கொண்டேன். பிள்ளைகள் ஆய்ச்சியர் குரவை ஆடுகிறார்கள். நான் மைக்கைப் பிடித்து, கவலை தெரியாத ஆயர்பாடியின் ஆனந்தக் கூத்து என்று அளந்துவிட்டேன். நான் மேடையை விட்டு இறங்கும்போது முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, சிலப்பதிகாரம் படிச்சிருக்கீங்களா?” படித்ததாகத்தான் ஞாபகம். அவர் சொல்லச் சொல்ல என் காது சுட்டது. குடத்துப் பால் உறையவில்லை. உறி வெண்ணெய் உருகவில்லை. எருதின் கண்ணில் நீர் வடிகிறது, ஆட்டுக்குட்டி துள்ளவில்லை, மாட்டின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. ஏதோ கெடுதல் வரப்போகிறது என்று பயந்துதான் கண்ணகிக்கு அடைக்கலம் தந்த ஆய்ச்சி மாதரி ஏழு பெண்களை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரையும் அவர்களுக்கு வைத்து ஆடவிடுகிறாள். அடுத்த காதையின் பெயரே துன்பமாலை. கோவலன் வெட்டுண்ட சேதி அதில்தான் கண்ணகிக்கு வருகிறது. நான் ஆனந்தக் கூத்து என்றது இதை.

அந்த அவமானத்தில்தான் எட்டயபுரம் போனேன். உண்மையான இடையரையே கேட்டுவிடுவது என்று திட்டம். பஸ்ஸில் ஒரு மணி நேரம். 1835இல் முத்துசுவாமி தீட்சிதர் காலமான ஊர். வறண்டு கிடந்த இந்தக் கரிசலில் அவர் அமிர்தவர்ஷினி பாட, மழை கொட்டியதாகக் கதை. எங்கள் உப்பளக்காரர் காதில் விழாமல் பாட வேண்டிய ராகம். தீட்சிதர் சமாதியில் கும்பிட்டுவிட்டு வெளியூர்ச் சாலையில் நடந்தபோது ஒரு பெரியவர் வேம்பூர் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை உடம்பில் செம்புள்ளி, பார்க்க அழகு. வேலமர நிழல். மனசுக்குள் பீத்தோவன் தொடங்கிவிட்டார்.

கிட்டப் போனால் பெரியவரின் சட்டைப்பையில் இளையராஜா பாடிக்கொண்டிருந்தார். “குழல் ஊதுவீங்களா ஐயா?” என்றேன். “அதுக்கு யாருக்கு நேரம்? சார்ஜ் நிக்கிற வரைக்கும் இதான்” என்றார். பெரும்பாணாற்றுப்படையில் ஒரு இடையன் தீக்கடைகோலால் மூங்கிலில் துளை போட்டு வாசிப்பான். அது சலித்ததும் குமிழ்க் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் செய்துகொள்வான். சலிப்பு புதிதில்லை, கருவிதான் புதிது. இதை அவரிடம் விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவருக்கென்று வாங்கிப்போயிருந்த தூத்துக்குடி மக்ரூனைப் பையோடு ஒரு கிடா முடித்துவிட்டது. முந்திரியும் முட்டை வெள்ளையும். ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் திட்டு கிடைத்தது.

கோபம் ஆறியதும், “தம்பிக்குத் தூத்துக்குடியா?” என்றார். “கொடுத்து வச்சவங்க. ராத்திரி படுத்தா கப்பல் சங்கு கேக்குமாமே?” கேட்கும். நான் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுப்பேன்.

ரெண்டு மாசம் கழித்து நிஜமாகவே வந்துவிட்டார், பேரனோடு. கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். நானே அந்தப் பக்கம் போய் ஒரு வருஷம் இருக்கும். நங்கூரம் போட்டு நின்ற கப்பல்களைப் பார்த்துக்கொண்டு அவர் வெகுநேரம் பேசவில்லை. முத்துக்குளித்த கதையைக் கேட்டார். எனக்குத் தெரிந்த ரெண்டு வரியைச் சொன்னேன். பிறகு என் பக்கம் திரும்பி, “வலை இழுக்கும்போதும் தண்டு வலிக்கும்போதும் பாடுவாங்களாமே, ஒண்ணு பாடுங்க தம்பி” என்றார்.

அம்பா பாட்டு. என் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பாடியது. நான் அப்போது உள்ளே ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பேன்.

தொண்டையைச் செருமிக்கொண்டு “ஏலேலோ” என்றேன். அவர் தலையை ஆட்டினார். மறுபடியும் “ஏலேலோ” என்றேன். அதற்குப் பிறகு என்ன வரும் என்று அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன், பேரனும் பார்த்தான்.

“இந்தாங்க” என்று அவன்தான் கடலைப் பொட்டலத்தை நீட்டினான்.