எண்ணுவது செயலி, பார்ப்பது யார்?

பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி இவற்றை வீட்டிலேயே செல்போன், கணினி உதவியோடு செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த வாரம் பதில்.

கே: நல்ல ஆப் இருந்தால் பிசியோதெரபிஸ்ட் எதற்கு? (வாசகர், ஈரோடு)

பயிற்சியை எண்ண ஆப் போதும். தப்பாகச் செய்வதைப் பார்த்து, பயிற்சியை மாற்றிக் கொடுக்க ஆள் வேண்டும்.

கே: அம்மாவுக்கு மூட்டுவலி. தினமும் பயிற்சி செய்ததாக நோட்டில் டிக் போட்டு வைக்கிறார். எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. (ஒரு மகள், தென்காசி)

அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், ஊர் உலகமே அப்படித்தான். மெல்போர்ன் ஆய்வாளர்கள் முழங்கால் வலிக்காரர்களுக்குக் கணுக்காலில் கட்டிக்கொள்ளும் எடைப் பட்டைகளைக் கொடுத்தார்கள். பட்டைக்குள் அசைவை அளக்கும் சிறு கருவி ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. 2018-இல் முடிவு வந்தது: நோட்டுக் கணக்கும் கருவிக் கணக்கும் ஒத்துப்போகவில்லை. நோட்டுதான் தாராளமாக இருந்தது.

யாரும் பொய் சொல்ல நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். தெரபிஸ்ட் மனம் கோணக் கூடாது என்று கை தானாக டிக் போட்டுவிடும். ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. “இவ்வளவு செய்தும் வலி குறையவில்லையே” என்று நினைத்து, நல்ல பயிற்சியையே தெரபிஸ்ட் நிறுத்திவிடலாம். ஆகவே அம்மாவிடம் “செஞ்சீங்களா?” என்று கேட்காதீர்கள், “செஞ்சேன்” என்றுதான் வரும். “எதைச் செய்யும்போது வலிக்குதும்மா?” என்று கேளுங்கள். செய்யாமல் விட்ட பயிற்சி எது, ஏன் என்பது அந்தப் பதிலில் வந்துவிடும்.

கே: அப்படியென்றால் நோட்டைவிட ஆப் மேல்தானே? (அதே மகள்)

கொஞ்சம் மேல். 2017-இல் ஆஸ்திரேலியாவில் 80 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்குக் காகிதத்தில் பயிற்சிப் படம், மறு பாதிக்கு ஆப் என்று நான்கு வாரம் பார்த்தார்கள். ஆப் வைத்திருந்தவர்கள் கூடுதல் ஒழுங்காகச் செய்ததாகச் சொன்னார்கள். (இதுவும் அவர்களே சொன்ன கணக்குதான் என்பதை மறக்க வேண்டாம்.) ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது ஆப் மட்டுமில்லை. போன் செய்து விசாரித்தார்கள், உற்சாகப்படுத்திக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். ஒழுங்கு திரையால் வந்ததா, குரலால் வந்ததா? என் ஓட்டு குரலுக்கு.

கே: பக்கவாதத்தில் அப்பாவுக்கு ஒரு கை சரியாக வரவில்லை. ஆஸ்பத்திரி வெகுதூரம். வீடியோ காலில் பயிற்சி என்கிறார்களே, நம்பலாமா? (வாசகர், திருவாரூர்)

நம்பலாம், ஒழுங்காக நடத்தினால். 2019-இல் அமெரிக்காவில் 11 இடங்களில் 124 பேரிடம் பார்த்தார்கள். பாதிப் பேர் மருத்துவமனைக்கு வந்து பயிற்சி செய்தார்கள். மீதிப் பேர் வீட்டில் கணினி முன்னால். இரு தரப்புக்கும் 36 முறை, ஒரே அளவு நேரம். 66 மதிப்பெண் கொண்ட கை இயக்கச் சோதனையில் இரு தரப்பும் ஏறத்தாழ 8 மதிப்பெண் ஏறினார்கள். ஆனால் வீட்டில் செய்தவர்களுக்கும் அந்த 36-இல் பாதி முறை தெரபிஸ்ட் வீடியோவில் கூடவே இருந்தார். மீதிப் பாதியைத்தான் தனியாகச் செய்தார்கள். வீடியோ லிங்கை மட்டும் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு மாதக் கட்டணம் கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

கே: என் கணவருக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு எல்லாம் புரிகிறது, பொருளின் பெயர்தான் வாயில் வருவதில்லை. கணினியில் பழகினால் பேச்சு வருமா? (வாசகி, காரைக்குடி)

சொல் வரும் அம்மா. பேச்சுக்கு நீங்களும் வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

பிரிட்டனில் ‘பிக் காக்டஸ்’ என்று ஓர் ஆய்வு. ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா பாமர் தலைமையில் நடந்தது. 2019-இல் லான்செட் நியூராலஜி இதழில் வந்தது. பக்கவாதம் வந்து குறைந்தது நான்கு மாதமான 278 பேர். சிலருக்கு ஆண்டுக்கணக்காகியிருந்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு வீட்டில் கணினிப் பயிற்சி. மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையோடு புதிர்ப் புத்தகங்கள். கணினிக்காரர்கள் ஒவ்வொருவரும் தன் வாழ்க்கைக்கு வேண்டிய 100 சொற்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அந்தச் சொற்களைச் சொல்வதில் வழக்கமான சிகிச்சைக்காரர்களைவிட 16 சதவீதம் கூடுதல் முன்னேற்றம். ஆண்டுக்கணக்கான பிறகும் சொல் திரும்பும் என்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் உட்கார்ந்து உரையாடுவதில் முன்னேற்றம் இல்லை. வாழ்க்கை மேம்பட்டதாக அவர்களும் உணரவில்லை. திரைக்கு முன்னால் வந்த சொல் சாப்பாட்டு வேளையில் வரவில்லை.

அந்தத் தூரத்தைக் கடக்க வைப்பது வீட்டு மனிதர்களின் வேலை. உங்கள் போனிலேயே தொடங்கலாம். அவருடைய சொம்பு, அவருடைய மூக்குக்கண்ணாடி, அவர் படிக்கும் பேப்பர், பேத்தி என்று படம் எடுங்கள். கடையில் விற்கும் படத்திலுள்ள ஆப்பிள் அவருக்கு எதற்கு? காலையில் பத்துப் படம் பழகினால், அதே சொல்லை அன்றே புழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு “என்ன வேணும்?” என்று கேட்டுப் பொறுங்கள். முந்திக்கொண்டு நீங்களே சொல்லிவிடாதீர்கள். வராவிட்டால் “பே…” என்று முதல் எழுத்தை எடுத்துக்கொடுங்கள். அதற்கும் வராவிட்டால் சொல்லிக்கொண்டே கொடுத்துவிடுங்கள். கொடுக்காமல் வைத்திருந்து வதைக்க வேண்டாம். எந்தச் சொல்லில் தொடங்குவது என்பதை மட்டும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற பேச்சுப் பயிற்சியாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கே: கை பழக வீடியோ கேம் வாங்கச் சொல்கிறார் ஒருவர். விலை பயமுறுத்துகிறது. (வாசகர், வேலூர்)

வாங்காதீர்கள். கனடா ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய எவரெஸ்ட் ஆய்வில் (2016) பக்கவாதம் வந்த 141 பேரில் ஒரு பகுதிக்கு நின்டெண்டோ வீ, மறு பகுதிக்குச் சீட்டு, டாமினோ போன்ற விளையாட்டுகள். இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் தேறினார்கள். அது மருத்துவமனையில் நடந்தது என்றாலும், விலைப்பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்பதற்கு அது போதும். பல்லாங்குழி இருந்தால் இறக்கி வையுங்கள். ஒரு சோழியை விரலால் எடுத்துக் குழியில் போடுவது கைக்கு நல்ல வேலை. எதிரில் உட்கார ஓர் ஆளும் கிடைத்துவிடும்.

கே: பயிற்சியைக் குடும்பமே கற்றுக்கொண்டால் போதாதா? (வாசகி, நாகர்கோவில்)

போதாது. நம் நாட்டிலேயே பார்த்துவிட்டார்கள். ‘அட்டெண்ட்’ ஆய்வு, 14 மருத்துவமனைகள், 1,250 பக்கவாத நோயாளிகள், 2017-இல் லான்செட்டில் வந்தது. குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுத்த பிரிவிலும் கொடுக்காத பிரிவிலும், ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் சேர்ந்து அதே 47 சதவீதம். பாசத்தில் குறை என்று இதற்கு யாரும் பொருள் சொல்லக் கூடாது. சமைத்து, குளிப்பாட்டி, வேலைக்கும் போகிற ஒரு மருமகளின் தலையில் தெரபிஸ்ட்டின் வேலையையும் ஏற்றினால் அவள் என்ன செய்வாள்?

கே: தமிழ்நாட்டில் யாராவது இதை ஆராய்ந்திருக்கிறார்களா? (மாணவர், சென்னை)

உங்கள் ஊரிலேயே. ‘கேர் ஃபார் ஸ்ட்ரோக்’ என்ற திட்டத்தை சுரேஷ்குமார் கமலக்கண்ணனும் குழுவினரும் சென்னையில் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். பக்கவாதம் வந்தவர்கள் வீட்டார் துணையோடு ஸ்மார்ட்போனில் பார்த்துப் பழகும் முறை. முதல் 30 பேரிடம் கொடுத்தபோது இணைப்பு, வீடியோ ஓட்டம், படத்தெளிவு எல்லாவற்றிலும் குறைகள் தெரிந்தன. அவற்றைச் சரிசெய்து இன்னொரு 30 பேரிடம் கொடுத்தார்கள். இப்படி வீட்டுக்குள் போய்ப் பார்த்துத் திருத்தும் ஆய்வு நமக்கு இன்னும் நிறைய வேண்டும். படிப்பு முடிந்ததும் செய்யுங்கள்.

கே: ஆப்புக்கும் காசில்லை, தெரபிஸ்ட்டுக்கும் காசில்லை. எங்களுக்கு என்ன வழி? (வாசகர், கிருஷ்ணகிரி)

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் உங்கள் மாவட்டத்தில்தான் தொடங்கியது. நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். தெரபிஸ்ட் வரும் நாளில், அவர் அனுமதியோடு, நோயாளி சரியாகச் செய்வதை தெரபிஸ்ட்டின் குரலோடு போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எந்தத் தேதியில் வருவார் என்பதை அவர் படி இறங்கும் முன் கேட்டு வாங்குங்கள்.